வேரைத் தெரிந்த எனக்குப் புல்லைத் தெரியவில்லை

என் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் இப்போது நான்கு வரிசையாக வெட்டிவேர் நிற்கிறது. அதை அங்கே நிறுத்துவதற்குள் எனக்கு இரண்டு ஆண்டுகள் போயின, 4,350 வெள்ளியும் (மலேசிய ரிங்கிட்) போயிற்று. அந்த இரண்டு ஆண்டும் ஒருவராவது "இதைப் பார்த்து வாங்கு, இந்த மாதத்தில் நடாதே" என்று சொல்லியிருந்தால் பாதிச் செலவோடு முடிந்திருக்கும். சொல்ல ஆளில்லாமல் நானே விழுந்து எழுந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்தை விட்டு வெளியே வந்து, மலிவு விலை வீடு ஒன்று வாங்கினோம். வரிசையின் கடைசி வீடு என்பதால் பின்பக்கம் 60 அடி நீளத்துக்கு இடம் உண்டு. அந்த இடம் முடியும் இடத்தில் 15 அடி உயரத்துக்குச் செம்மண் மேடு. மேட்டுக்கு மேலே இன்னொரு வரிசை வீடுகள். கணவர் 2019-ல் தவறிவிட்டார். மகன் சிங்கப்பூரில் வேலை. 2022 நவம்பரில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில், லோரியிலிருந்து மண் கொட்டுவது மாதிரி ஒரு சத்தம். கதவைத் திறந்தால் சமையலறைப் படிவரை சேறு. துணி துவைக்கும் மெஷின் பாதி மண்ணுக்குள் நின்றது. அடுத்த மாதமே, டிசம்பர் 16-ஆம் தேதி, பத்தாங்காலி முகாம் நிலச்சரிவில் 31 பேர் இறந்த செய்தி. அதற்குப் பிறகு ஜிங்குத் தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பின்னறையில் படுப்பதை நிறுத்தி, முன் ஹாலில் பாய் போட்டுப் படுத்தேன். மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பான் என்ற பயம்.

தடுப்புச் சுவர் கட்ட 42,000 வெள்ளி ஆகும் என்றார்கள். அவ்வளவு என்னிடம் இல்லை. அந்தச் சமயத்தில்தான் வெட்டிவேர்ப் புல் மண்ணைப் பிடித்து நிறுத்தும் என்று கேள்விப்பட்டேன். எனக்கு வெட்டிவேர் என்றால் ஈப்போ கடையில் சுருட்டிக் கட்டி விற்கும் காய்ந்த வேர்தான். அம்மா அதைத் தண்ணீர்ப் பானையில் போட்டு வைப்பார். தைப்பூசத்துக்கு மாலை பார்த்திருக்கிறேன். அந்த வேருக்கு மேலே என்ன புல் இருக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நம் தமிழ்ச் சொல்லைத்தான் வெள்ளைக்காரர்களும் 'வெட்டிவர்' என்று எடுத்துக்கொண்டார்கள். பேர் நம்முடையது, ஆனால் செடியைக் காட்டினால் நம்மில் பத்தில் ஒன்பது பேருக்கு அடையாளம் தெரியாது.

படிக்கப் படிக்க நம்பிக்கை வந்தது. நல்ல மண்ணில் இதன் வேர் முதல் ஆண்டிலேயே மூன்று மீட்டருக்கு மேல் நேர்கீழாக இறங்கும். பக்கத்தில் பரவாது. வேரின் இழுவிசை வலிமை சராசரியாக இரும்புக் கம்பியில் ஆறில் ஒரு பங்கு இருக்கும் என்று அளந்திருக்கிறார்கள். சுங்கை பூலோவில் இருந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தப் புல்லை விதவிதமாக நட்டுச் சோதித்தார்கள். அதே பத்தாண்டில் கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையின் சரிவுகளிலும் நட்டார்கள். நம் ஊருக்கு வடக்கே உள்ள சாலை அது. அங்கே நின்ற புல் என் வீட்டில் நிற்காதா என்று நினைத்தேன்.

2023 ஜனவரியில், தெரிந்தவர் மூலம் ஒரு வியாபாரி கிடைத்தார். ஒரு தூர் 3 வெள்ளி, 500 தூர். சாக்கில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார். எல்லாம் ஒரு சாண் உயரத்துக்கு நறுக்கியிருந்தது. "இது வெட்டிவேர்தானே?" என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு காய்ந்த வேர்க்கட்டை எடுத்து, "மோந்து பாருங்கம்மா" என்றார். மோந்தேன். அம்மாவின் பானைத் தண்ணீர் வாசம். அந்த நிமிடமே 1,500 வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன். நடுகூலி 600. அவர் காட்டிய வேரையும் சாக்கில் இருந்த தூரின் வேரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் தெரிந்தே ஏமாற்றினாரா, அவரையும் யாராவது ஏமாற்றினார்களா என்பதை விட்டுவிட்டேன். பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

புல் என்னவோ அமோகமாக வளர்ந்தது. நான்கு மாதத்தில் இடுப்பளவு. தினமும் காலையில் தேநீரோடு போய் நின்று பார்ப்பேன். ஆகஸ்டில் வெள்ளை வெள்ளையாக, பட்டுக் குஞ்சம் மாதிரிக் கதிர் விட்டது. அழகாக இருக்கிறது என்று படம் எடுத்து மகனுக்குக்கூட அனுப்பினேன். எங்கள் பகுதியில் மாடு வைத்துப் பால் ஊற்றும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், பழைய தோட்டத்துத் தண்டல், அதாவது கங்காணி. ஒருநாள் வேலி ஓரமாக நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, பேய்க்கரும்ப எதுக்குக் காசு குடுத்து வளக்குற? ஆத்தங்கரையில சும்மா கெடக்குதே." வெட்டிவேர் என்று சொன்னேன். அவர் உள்ளே வந்து ஒரு தூரைக் கடப்பாரையால் நெம்பிக் காட்டினார். அடியில் கரும்புக்கணு மாதிரித் தண்டுகள் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தன. வாசமே இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது.

பேய்க்கரும்பு மட்டமான புல் என்று சொல்ல மாட்டேன். கரும்பின் காட்டுச் சொந்தம் அது. கோயம்புத்தூரில் 1912-ல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், நாட்டுக் கரும்போடு இந்தக் காட்டுப் புல்லைச் சேர்த்துத்தான் கோ 205 என்ற ரகத்தை உண்டாக்கினார்கள். 1918-ல் அது வெளிவந்தது. இன்று நாம் தின்னும் சீனியில் அந்தக் காட்டுப் புல்லின் ரத்தமும் இருக்கிறது. ஆற்றங்கரையில் அது மண்ணைப் பிடிக்கும், சரிதான். ஆனால் வீட்டு ஓரத்துக்கு அது ஆகாது. பஞ்சு விதை காற்றில் பறக்கும், மண்ணுக்கடியில் தண்டு ஓடும். என் வீட்டில் ஓடிய தண்டு பக்கத்து வீட்டு லொங்காங்கின் (தண்ணீர் போகும் சிமெண்டுக் கால்வாய்) விரிசலில் புகுந்து சிமெண்டைத் தூக்கிவிட்டது. "அக்கா, உங்க புல்லுதான் இது" என்று அந்தத் தம்பி முகம் கொடுக்காமல் பேசினார். 350 வெள்ளி கொடுத்துச் சரிசெய்தேன். காசைவிட அந்த முகம்தான் ரொம்ப நாள் உறுத்தியது.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நறுக்கிய புல் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் நறுக்காத ஒரு முழுத் தூரைக் காட்டச் சொல்லுங்கள். வெட்டிவேரின் அடிப்பகுதி உருண்டையாக இருக்காது, விசிறியை மடக்கியது போலத் தட்டையாக அழுத்தி இருக்கும். இலையைக் கசக்கி மோந்தால் வாசம் வரக்கூடாது. வந்தால் அது செரையோ (எலுமிச்சைப்புல்), அதன் இனத்தில் வேறொன்றோ. வெட்டிவேரும் செரையும் தூரத்துச் சொந்தம், தூரத்திலிருந்து பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஆனால் செரைக்கு வாசம் இலையில், வெட்டிவேருக்கு வாசம் வேரில். அதனால் தூரிலேயே இருக்கும் வேரைக் கிள்ளி, மண்ணைக் கழுவி, விரலில் நசுக்கி மோந்து பாருங்கள். இளம் வேரில் லேசாகத்தான் இருக்கும், ஆனாலும் இருக்கும். பக்கவாட்டில் ஓடும் தண்டு ஒன்றுகூட இருக்கக்கூடாது. பூத்திருந்தால் இன்னும் நல்லது: வெட்டிவேரின் கதிர் ஊதா கலந்து விறைப்பாக நிற்கும், வெள்ளைப் பஞ்சு இருக்காது. இன்னொன்று, வெட்டிவேரிலேயே இரண்டு வகை உண்டு. வட இந்தியாவில் காடாக வளரும் வகை விதை போட்டு முளைக்கும். தென்னிந்தியாவில் காலங்காலமாக வேருக்காக வளர்த்த வகை பூத்தாலும் விதை பிடிக்காது, தூர் பிரித்து நட்டால்தான் உண்டு. வீட்டுக்கு வேண்டியது இந்த இரண்டாவது. விதையாக விற்கிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள்.

பேய்க்கரும்பைத் தோண்டி எடுத்த நாட்கள்தான் எல்லாவற்றிலும் மோசம். இரண்டு ஆள், மூன்று நாள், 600 வெள்ளி. தண்டு ஒரு துண்டு விட்டாலும் மறுபடி துளிர்க்கும் என்பதால் ஆழமாகத் தோண்ட வேண்டியிருந்தது. அப்படித் தோண்டியதில் முன்பு இருந்ததைவிட மேடு தளர்ந்துவிட்டது. அதற்குள் அக்டோபர் மழையும் வந்துவிட்டது. 220 வெள்ளிக்கு கன்வாஸ் வாங்கி மேட்டைப் போர்த்தி, மேலே செங்கல் வைத்துக் கட்டினேன். இரவில் காற்றடித்தால் அந்தக் கன்வாஸ் படபடக்கும். டார்ச் அடித்துக்கொண்டு போய்க் கல்லை நகர்த்தி வைப்பேன். ஒரு ராத்திரி நனைந்துகொண்டே அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இப்போது யோசித்தால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்கியிருக்கக் கூடாது. கீழ் வரிசையை மட்டும் எடுத்து, அங்கே நல்ல புல் வேர் பிடித்த பிறகு அடுத்த வரிசைக்குப் போயிருக்கலாம்.

இரண்டாவது முறை சரியான செடிதான் வாங்கினேன். பாலிபேக்கில் வளர்த்த 300 கன்று, ஒன்று 2 வெள்ளி 50 காசு. லோரிக் கூலி 150. ஆனால் நட்டது 2024 ஜனவரிக் கடைசியில். அந்த ஆண்டு எல் நினோ வறட்சி. பிப்ரவரி, மார்ச் வெயிலைச் சுங்கை சிப்புட்டில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெட்டிவேர் வறட்சியைத் தாங்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். உண்மைதான், வேர் இறங்கிய பிறகு தாங்கும். முதல் இரண்டு மூன்று மாதம் அதுவும் மற்ற நாற்று மாதிரிதான், ஈரம் இல்லாவிட்டால் கருகிவிடும். மேட்டின் மேல் வரிசைக்குத் தினமும் தண்ணீர் தூக்க எனக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. அதோடு மேட்டின் வலது மூலையில் ஒரு ரம்புத்தான் மரம், கணவர் வைத்தது. அதன் நிழலில் நட்டது ஒன்றுகூடத் தேறவில்லை. இது யாரும் அழுத்திச் சொல்லாத விஷயம்: வெள்ளத்தில் நிற்கும், புளிப்பு மண்ணில் நிற்கும், உப்பு மண்ணிலும் நிற்கும், ஆனால் நிழலில் நிற்காது. செம்பனைக்கு (பாமாயில் மரத்துக்கு) அடியில் நடலாமா என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான். மரம் இளசாக வெயில் விழும் காலத்தில் வளரும், ஓலை கூடிவிட்டால் மெலிந்துபோகும். மிச்சத்தைச் செம்பனைக் காட்டிலிருந்து வந்த மாடுகள் மேய்ந்தன. இளந்தளிர் அவற்றுக்குப் பிடிக்கும். 300-ல் ஏறக்குறைய 100 பிழைத்தது. ரம்புத்தான் மரத்தை வெட்ட எனக்கு மனம் வரவில்லை, கிளைகளை மட்டும் கழித்தேன்.

மூன்றாவது முறை காசு கொடுத்து வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். மே மாதம் மழை கிடைத்ததும், பிழைத்ததில் 60 தூரைத் தோண்டி எடுத்து, வீட்டு முன்னால் முழு வெயில் படும் இடத்தில் அடிக்கு ஒன்றாக நட்டேன். பெரியவர் மாட்டுச்சாணம் கொடுத்தார். சாணத்தைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து, வேரை அதில் முக்கி நட்டால் சீக்கிரம் பிடிக்கும். மாதம் ஒருமுறை நீல உரம் (கடையில் விற்கும் ரசாயன உரம்) ஒரு கைப்பிடி. பாலிபேக், உரம் எல்லாம் சேர்த்து 180 வெள்ளி. செப்டம்பரில் ஒவ்வொன்றும் இருபது முப்பது தூர் கட்டியிருந்தது. பிரிக்கும்போது ஒற்றைத் தூராகப் பிய்க்காதீர்கள், இரண்டு மூன்று தூர் சேர்ந்தாற்போல் எடுங்கள். இலையை ஒரு சாணுக்கு, வேரை நாலு விரல் அளவுக்கு நறுக்குங்கள். காய்ந்த கிழட்டுத் தண்டைக் கழித்துவிடுங்கள். பிரித்த அன்றே நட முடியாவிட்டால் ஈரச் சாக்கில் நிழலில் வைக்கலாம். எனக்கு 480 நாற்றுக்கு மேல் கிடைத்தது. இதையே முதலில் 50 நல்ல கன்றோடு தொடங்கியிருந்தால், மொத்தச் செலவு 500 வெள்ளியைத் தாண்டியிருக்காது.

நடுவதற்கு முன் அந்த நான்கு மாதத்தில் இன்னொரு வேலையும் செய்தேன், அதுதான் உண்மையில் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும். மழை பெய்யும்போது குடையோடு மேட்டின் மேலே ஏறி நின்று, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். மேல் வரிசை வீடுகளின் லொங்காங் ஓரிடத்தில் உடைந்து, அந்தத் தெருத் தண்ணீர் முழுக்க என் மேட்டுக்குள்தான் இறங்கிக்கொண்டிருந்தது. நகராண்மைக்கழகத்துக்குப் படத்தோடு நான்கு கடிதம் எழுதிய பிறகு சரிசெய்தார்கள். புல் மேல்மண்ணை அரிப்பிலிருந்து காக்கும், ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்துச் சறுக்கலைத் தடுக்கும். அதற்கும் கீழே மலையே நகர்ந்தால் புல்லால் ஒன்றும் செய்ய முடியாது. மேட்டின் தலையில் நீள வெடிப்பு, மரமோ கம்பமோ ஒருபக்கம் சாய்வது, சரிவின் நடுவில் புடைப்பு, மழை இல்லாத நாளில் கலங்கிய தண்ணீர் கசிவது, இதில் எது தெரிந்தாலும் நாற்று வாங்கப் போகாதீர்கள், வீட்டை விட்டு வெளியேறிப் பொறியாளரை அழையுங்கள். பொதுப்பணித் துறையில் சரிவுகளுக்கென்றே 2004 முதல் ஒரு பிரிவு இருக்கிறது.

2024 அக்டோபரில், மழை தொடங்கிய இரண்டாவது வாரத்தில் நட்டேன். வரிசை சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் போக வேண்டும். அப்பா காலத்தில் பால்மரத்துக்குப் படி வெட்டியபோது மட்டம் பார்த்தது மாதிரி, உள்ளிருப்பது தெரியும் ரப்பர் குழாயில் தண்ணீர் ஊற்றி இரண்டு முனையிலும் பிடித்து மட்டம் பார்த்துக் கயிறு கட்டினோம். மட்டம் தப்பினால் தண்ணீர் தாழ்ந்த மூலைக்கு ஓடி அங்கேயே அறுக்கும். வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர். தூருக்குத் தூர், விரித்த கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள அகலம், ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். தள்ளி நட்டால் நாற்று மிச்சம் என்று ஆசை வரும். எனக்கும் இரண்டாவது முறை வந்தது. இடைவெளி விட்ட இடத்தில் தண்ணீர் கூடி வாய்க்காலாகிவிடும். ஒரு வரிசையில் இரண்டு தூர் செத்தால் அந்த வாரமே இட்டு நிரப்புங்கள்.

பராமரிப்பு அதிகமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாராங் கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் தூர் கட்டும். வெட்டிய இலையை வரிசைக்கு மேலேயே பரப்பினால் களை அடங்கும், ஈரம் நிற்கும். முதல் ஆண்டு களையைக் கையால் பிடுங்க வேண்டும். களைக்கொல்லி கூடவே கூடாது. ஓரத்துப் புல்லுக்கு மருந்தடிக்க வந்த குத்தகை ஆள் என் மேல் வரிசையிலும் பத்தடிக்கு கிளைபோசேட் அடித்துவிட்டுப் போனார், அவ்வளவும் வைக்கோலாகிவிட்டது. இப்போது வேலியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன், வருகிற ஆளிடமும் நேரில் சொல்லிவிடுகிறேன். அம்மா தோட்டத்தில் முதுகில் தோம்பு (மருந்துத் தொட்டி) மாட்டிக்கொண்டு மருந்தடித்தவர். விரல் நகமெல்லாம் வெடித்திருக்கும். இந்த நாட்டில் பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்தது 2020 ஜனவரியில்தான். அதைப் பார்க்க அம்மா இல்லை. மருந்து வாடை வந்தாலே எனக்கு அவர் கைதான் நினைவுக்கு வரும், அதனால் என் மேட்டில் களையைக் கையால்தான் எடுக்கிறேன்.

வேரை எப்போது எடுத்து விற்கலாம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மேட்டில் நட்டதைத் தோண்டவே கூடாது, தோண்டினால் மறுபடி என் 2023 அக்டோபர்தான். வேர் வேண்டுமென்றால் தனியாக நடுங்கள். மணற்பாங்கான சமதரையிலோ, மணலும் எருவும் கலந்த உயரமான சாக்குகளிலோ வைத்தால் 15 முதல் 18 மாதத்தில் எடுக்கலாம். சாக்கைக் கிழித்து உதறினால் வேர் அறாமல் வரும். கடலூர்ப் பக்கம் மணலில்தான் இதைப் பயிராக்குகிறார்கள். களிமண்ணில் வேரை எடுக்கப் போனால் கூலிக்கே போய்விடும். நான் நான்கு சாக்கு வைத்தேன், வீட்டுக்கு மட்டும். போன மாதம் ஒன்றைக் கிழித்து, வேரைக் கழுவி, நிழலில் இரண்டு நாள் காயவைத்தேன். மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தபோது கூடம் முழுக்க அந்த வாசம். பானை இப்போது வீட்டில் இல்லை, கண்ணாடிக் கூஜாவில்தான் போட்டேன். முதல் தம்ளரை அம்மா படத்துக்கு முன்னால் வைத்தேன்.

போன நவம்பரில் ஐந்து நாள் பெய்தது. லொங்காங்கில் ஓடிய தண்ணீரில் செம்மண் நிறம் இல்லை. நான் பின்னறையில்தான் படுத்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி வந்து, தன் அம்மா வீட்டுப் பின்புறத்துக்கு ஐம்பது தூர் கேட்டார். முன்னால் இருக்கும் தாய்த்தூரிலிருந்து அவரையே பிரித்து எடுக்க வைத்தேன், அப்போதுதான் அடிப்பகுதியின் தட்டை அவர் கைக்குத் தெரியும். மூன்றாவது வரிசையில், தண்ணீர்க் குழாய் முட்டும் இடத்தில் இரண்டு தூர் பட்டுப்போயிருக்கிறது. சாக்கில் நாற்று நனைத்து வைத்திருக்கிறேன், சனிக்கிழமை இட்டு நிரப்ப வேண்டும்.